சிறுநீரகங்கள்: அமைப்பு, செயல்பாடு, பாதுகாப்பு

“சிறுநீர் தடையின்றிப் போகிறது; வலி ஏதும் இல்லை. அப்படியிருக்க எனக்குச் சிறுநீரக நோய் எப்படி இருக்க முடியும்?” பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை சிறுநீரகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சிறுநீரகம் எங்கே அமைந்துள்ளது, எவ்வாறு இயங்குகிறது, பாதிப்பு ஏற்பட்டாலும் ஏன் நெடுங்காலம் வெளியே தெரிவதில்லை, எந்தப் பரிசோதனையால் அதனை முன்கூட்டியே அறியலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

அமைவிடமும் தோற்றமும்

மனித உடலில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. இவை அவரை விதை வடிவில், வயிற்றறையின் பின்புறத்தில், முதுகெலும்பின் இருபக்கமும் அமைந்துள்ளன. கடைசி விலா எலும்புகள் இவற்றின் மேற்பகுதியை ஓரளவு மறைத்துப் பாதுகாக்கின்றன. வலப்பக்கத்தில் கல்லீரல் இருப்பதால் வலது சிறுநீரகம் இடது சிறுநீரகத்தைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். வயது வந்தவருக்கு ஒரு சிறுநீரகம் சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 150 கிராம் எடையும் கொண்டது.

எடையில் சிறியதாயினும் இவ்வுறுப்புகளுக்குக் கிடைக்கும் இரத்தத்தின் அளவு மிக அதிகம். இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டது, அதாவது ஒரு லிட்டருக்கும் அதிகமான இரத்தம், ஒவ்வொரு நிமிடமும் இவ்விரு உறுப்புகளின் வழியாகச் செல்கிறது. இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் ஏற்படும் கோளாறுகள் சிறுநீரகத்தை விரைவில் பாதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

சிறுநீர் மண்டலத்தின் பிற பாகங்கள்

- சிறுநீர் நாளங்கள்: ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் சிறுநீர்ப்பைக்குச் செல்லும் மெல்லிய தசைக்குழாய்கள். நீளம் சுமார் 25 முதல் 30 செ.மீ. சிறுநீரகக் கல் இக்குழாயில் சிக்கும்போதுதான் விலாப்புறத்திலிருந்து தொடையிடுக்குவரை பரவும் கடும் வலி உண்டாகிறது.
- சிறுநீர்ப்பை: விரிந்து சுருங்கும் தசைப்பை. இயல்பாக 400 முதல் 500 மி.லி. வரை கொள்ளும்.
- சிறுநீர்ப் புறவழி: சிறுநீர் வெளியேறும் பாதை. ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. நீளமுடையது. பெண்களுக்கு இப்பாதை குறுகிய நீளம் உடையதாதலால் கிருமிகள் எளிதில் சிறுநீர்ப்பையை அடைகின்றன. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி ஏற்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சிறுநீர் உருவாகும் முறை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது சிறுநீரகத்தின் அடிப்படைச் செயல் அலகு. இதில் இரு பகுதிகள் உண்டு. முதலாவது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் முடிச்சுபோல் திரண்ட குளோமருலஸ். இரண்டாவது, அதனைத் தொடர்ந்து வளைந்து செல்லும் நுண்குழல். பணி மூன்று கட்டங்களில் நடைபெறுகிறது.

1. வடிகட்டுதல்: குளோமருலஸின் சுவர் மிக நுண்ணிய சல்லடைபோல் செயல்படுகிறது. நீர், உப்புகள், சர்க்கரை, யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் அதன் வழியே கடந்துவிடும். இரத்த அணுக்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும் இரத்தத்திலேயே தங்கிவிடும். இவ்வாறு நாளொன்றுக்கு வடிகட்டப்படும் நீர்மம் சுமார் 180 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் இது 12 குடம்.

2. மீள உறிஞ்சுதல்: இந்த 180 லிட்டரில் ஏறத்தாழ 99 விழுக்காடு நுண்குழல்கள் வழியாக மீண்டும் இரத்தத்திற்கே திரும்புகிறது. சர்க்கரை, அமினோ அமிலங்கள், தேவையான உப்புகள் ஆகியவை மீட்கப்படுகின்றன. இரத்தச் சர்க்கரை சுமார் 180 மி.கி. அளவைத் தாண்டும்போது நுண்குழல்களால் முழுவதையும் மீட்க இயலாது. எஞ்சியது சிறுநீரில் வெளியேறும்.

3. சுரத்தல்: உடலுக்கு வேண்டாத அமிலங்கள், மிகுதியான பொட்டாசியம், சில மருந்துகளின் எச்சங்கள் ஆகியவற்றை நுண்குழல்கள் இரத்தத்திலிருந்து எடுத்துச் சிறுநீரில் சேர்க்கின்றன.

முடிவில் எஞ்சும் 1 முதல் 2 லிட்டர் நீர்மமே சிறுநீராக வெளியேறுகிறது. வெயிலில் வேலை செய்து நீர் அருந்தாதிருந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் ஹார்மோன் நீரைச் சேமிக்குமாறு சிறுநீரகத்திற்கு உணர்த்துகிறது. அப்போது சிறுநீர் அளவில் குறைந்து அடர்மஞ்சளாகிறது.

சிறுநீரகத்தின் பிற பணிகள்

கழிவகற்றுவதுடன் சிறுநீரகத்தின் பணி முடிவதில்லை. உடலின் வேறு பல மண்டலங்கள் அதனைச் சார்ந்தே இயங்குகின்றன.

- இரத்த அழுத்தம்: ரெனின் என்னும் பொருளைச் சுரந்தும், உப்பின் அளவைச் சீராக்கியும் இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்துகிறது.
- இரத்த உற்பத்தி: எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, சிவப்பணுக்களை உருவாக்குமாறு எலும்பு மச்சையைத் தூண்டுகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகை ஏற்படுவது இதன் குறைவால்தான்.
- எலும்பு நலம்: வைட்டமின் ‘டி’யை உடல் பயன்படுத்தத்தக்க வடிவிற்கு மாற்றுகிறது. இது குறையும்போது எலும்புகள் வலுவிழக்கின்றன.
- இதயத் துடிப்பு: பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றின் அளவைக் குறுகிய வரம்புக்குள் வைத்திருக்கிறது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே சீர்குலையக்கூடும்.

பாதிப்பு வெளியே தெரியாதது ஏன்?

இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, வலியின்மை. சிறுநீரகத்தின் உட்திசுவில் வலியை உணர்த்தும் நரம்புகள் மிகக் குறைவு. அதைச் சூழ்ந்துள்ள உறையும் சிறுநீர் நாளமும் இழுபடும்போது மட்டுமே கடும் வலி தோன்றும். கல், அடைப்பு, தொற்று ஆகியவை வலிக்கும். நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாக அழிவது வலிப்பதில்லை.

இரண்டாவது, கையிருப்பு. உடல்நலம் உள்ள ஒருவருக்குத் தேவைக்கு மிகுதியாகவே நெஃப்ரான்கள் அமைந்துள்ளன. சில அழிந்தால் எஞ்சியவை கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. பாதி அழிந்த பின்னும் உடல் வழக்கம்போல் இயங்கும். ஆனால், நெஃப்ரான்கள் யாவும் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. பின்னர் புதியவை தோன்றுவதில்லை. ஆகவே நெடுங்காலமாக இழந்தது திரும்பாது. எஞ்சியதைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

மூன்றாவது, சிறுநீரின் அளவு. வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்தாலும் நாளொன்றுக்கு 90 லிட்டர் வடிகட்டப்படுகிறது. அதிலிருந்து 2 லிட்டர் சிறுநீர் வெளியேறுவதற்குத் தடையேதும் இல்லை. எனவே சிறுநீர் நன்றாகப் போவது மட்டுமே சிறுநீரகம் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது.

பாதிப்பை உண்டாக்கும் முக்கியக் காரணங்கள்

- நீரிழிவு நோய்: மிகுந்த சர்க்கரை குளோமருலஸின் சுவரைப் பழுதாக்குகிறது. சல்லடையில் கண் பெரிதானதுபோல் அல்புமின் கசியத் தொடங்குகிறது. இதுவே பெரும்பாலும் முதல் அடையாளம்.
- உயர் இரத்த அழுத்தம்: சிறுநீரகத்தின் நுண்தமனிகள் தடித்துச் சுருங்குகின்றன. பழுதடைந்த சிறுநீரகம் இரத்த அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி உருவாகிறது.
- வலிநிவாரணி மாத்திரைகள்: டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை குளோமருலஸுக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வது ஆபத்தானது.
- நீரிழப்பு: கடும் வெயிலில் வயலிலும் உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் நீரின்றி உழைப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைக் கவனிக்காமல் விடுவது.
- பிற: திரும்பத் திரும்ப ஏற்படும் கற்கள், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தால் வரும் அடைப்பு, பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய், குளோமருலஸ் அழற்சி, உட்பொருள் தெரியாத, உரிமம் பெறாத பொடிகளும் லேகியங்களும்.

பரிசோதனைகளும் அவற்றின் பொருளும்

*இரத்தக் கிரியாட்டினின்:* கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை மிகுந்தவருக்கு இது இயல்பாகவே சற்றுக் கூடுதலாகவும், மெலிந்தவருக்கும் முதியவருக்கும் குறைவாகவும் இருக்கும். எனவே ஒரே எண் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை.

*வடிகட்டும் வீத மதிப்பீடு (இ.ஜி.எஃப்.ஆர்.):* கிரியாட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. எடுத்துக்காட்டாக, கிரியாட்டினின் 1.2 மி.கி. என்று இருவருக்கு வந்துள்ளதாகக் கொள்வோம். 25 வயது ஆணுக்கு, 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, இவ்வீதம் சுமார் 86. 65 வயதுப் பெண்ணுக்கு அது சுமார் 50 மட்டுமே. அறிக்கைத் தாளில் இருவரின் எண்ணும் ஒன்றே. ஆனால் அப்பெண்ணின் சிறுநீரகம் திறனில் கணிசமான பகுதியை இழந்திருக்கிறது. ஆகவே, “கிரியாட்டினின் எவ்வளவு?” என்பதுடன் நின்றுவிடாமல், “வடிகட்டும் வீதம் எவ்வளவு?” என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

*சிறுநீர் அல்புமின்:* சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 30 மி.கி./கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300-க்கு மேல் கடுமையான கசிவு. வடிகட்டும் வீதம் குறைவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இக்கசிவு தோன்றக்கூடும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடலுழைப்பு ஆகியவற்றாலும் தற்காலிகமாகக் கசிவு ஏற்படலாம். எனவே மீண்டும் பரிசோதித்து உறுதிசெய்யப்படும்.

வடிகட்டும் வீதத்தைக் கொண்டு நிலைகள் பின்வருமாறு வகுக்கப்படுகின்றன (நிமிடத்திற்கு மி.லி. அளவில்):

- நிலை 1: 90 அல்லது அதற்கு மேல்
- நிலை 2: 60 முதல் 89 வரை
- நிலை 3: 30 முதல் 59 வரை
- நிலை 4: 15 முதல் 29 வரை
- நிலை 5: 15-க்குக் கீழ்

முதல் இரு நிலைகளில் அல்புமின் கசிவு போன்ற வேறு சான்றும் இருந்தால் மட்டுமே நோய் எனக் கொள்ளப்படும். எந்நிலையாயினும் மாற்றம் 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என உறுதிசெய்யப்படும். ஒரே ஒரு முடிவைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதனைப் புறக்கணிக்கவும் வேண்டாம்.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உடையவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை ஆகிய இரண்டையும் செய்துகொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கால், முகம் அல்லது கண்ணிமை வீக்கம், சிறுநீரில் நீங்காத நுரை, சிறுநீரில் இரத்தம், இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், காரணமற்ற சோர்வு, பசியின்மை, குமட்டல், அரிப்பு. இவற்றுள் பல நோய் முற்றிய பின்னரே தோன்றுகின்றன.

பின்வருவன அவசர நிலைகள். உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவும்:

- 12 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை
- படுத்தால் அதிகரிக்கும் மூச்சுத்திணறல்
- திடீர்த் தசைத் தளர்ச்சி, சீரற்ற இதயத் துடிப்பு
- மனக்குழப்பம், வலிப்பு, நினைவிழத்தல்

சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் வழிகள்

1. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவர் கூறிய அளவுக்குள் வைத்திருங்கள். நலமாக உணர்வதால் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.
2. நாளொன்றுக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், பாக்கெட் தின்பண்டங்கள் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.
3. மருத்துவரின் ஆலோசனையின்றி வலிநிவாரணி உட்கொள்ளாதீர்கள்.
4. புகைபிடித்தலைக் கைவிடுங்கள்.
5. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் ஏற்பட்டால் உடனே மருத்துவரைக் காணுங்கள். அந்நாள்களில் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் நீரிழிவு மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். அதனை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

பராமரிப்பாளர்களுக்கு

- நோயாளியின் எடையை நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பின், ஒரே எடைக்கருவியில் பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு மூன்று நாள்களில் 2 கிலோ கூடினால் அது உடலில் தேங்கும் நீராக இருக்கலாம்; மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
- பொட்டாசியம் குறைந்த உணவு தருமாறு மருத்துவர் கூறியிருந்தால், காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமையுங்கள். இளநீர், வாழைப்பழம், பழச்சாறுகள் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
- பிற்காலத்தில் இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படக்கூடியவர்களுக்கு, அதிகம் பயன்படுத்தாத கையின் நரம்புகளைக் காப்பது முக்கியம். ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் மறு கையின் புறங்கையை நீட்டச் செய்யுங்கள்.
- உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எப்போதும் உடன் எடுத்துவாருங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகுமா?*
நலமுள்ளவர் தாகத்திற்கும் வெயிலுக்கும் ஏற்ப அருந்தினால் போதும். கல் உள்ளவர்கள் கூடுதலாக அருந்த வேண்டும். சிறுநீரின் அளவு குறைந்துவிட்ட நோயாளி மிகுதியாக அருந்தினால் நீர் நுரையீரலில் தேங்கும். அவருக்குரிய அளவை மருத்துவர் கூறுவார்.

*உப்புக்குப் பதில் இந்துப்பு பயன்படுத்தலாமா?*
இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அளவைக் குறைப்பதே பயன்தரும். சோடியம் குறைக்கப்பட்ட உப்பு வகைகளில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

*பீர் குடித்தால் கல் கரையுமா?*
கரையாது. மது உடலின் நீரை வெளியேற்றுவதால் பின்னர் நீரிழப்பே மிஞ்சும்.

*ஒரு சிறுநீரகத்துடன் வாழ முடியுமா?*
முடியும். எஞ்சிய சிறுநீரகம் தன் பணியைக் கூட்டிக்கொள்கிறது. முழுப் பரிசோதனைக்குப் பின் உறவினருக்குச் சிறுநீரகம் வழங்குவது இதனாலேயே இயலுகிறது. அவ்வாறு வழங்கியவர்கள் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

*டயாலிசிஸ் செய்தால் நோய் குணமாகிவிடுமா?*
டயாலிசிஸ் கழிவையும் மிகுதியான நீரையும் அகற்றும். பெரும்பாலும் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் செய்யப்படுகிறது. சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன்களை அதனால் தர இயலாது. ஆகவேதான் இரத்தசோகைக்கு ஊசியும் எலும்புக்கு மருந்தும் தொடர்ந்து தேவைப்படுகின்றன. தகுதியுள்ளவர்களுக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையே சிறந்த தீர்வு.

அரசின் சேவைகள்

தமிழ்நாட்டில் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான பரிசோதனையும் மருந்துகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இம்மருந்துகள் இல்லத்திற்கே வழங்கப்படுகின்றன. வயிற்றுறை வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகளும் இதில் அடங்கும். டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைச் சிகிச்சைக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பயன்பெறலாம். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்க

சிறுநீரகம் தன் இழப்பை வலியால் அறிவிப்பதில்லை. நீங்கள் நீரிழிவு அல்லது இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவராயின், அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது வடிகட்டும் வீதமும் சிறுநீர் அல்புமினும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று கேளுங்கள். ஓராண்டைக் கடந்திருந்தால் அன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இங்குள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்குரிய சிகிச்சையை உங்கள் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.